கேள்வி கேட்டவனுக்குச் சாப்பாடு

"உன்னைப் பாத்தா மூட்டு வலிக்காரன் மாதிரி தெரியலையே?" என்று மூட்டு வலிக் கருத்தரங்கு வாசலில் வழிமறித்தார் காவலாளி.

"எங்கப்பாவுக்கு இருக்குண்ணே" என்று சொல்லிவிட்டு உள்ளே நழுவினான் புள்ளியியல் மாணவன்.

உண்மையில் இருந்தது பசி. அந்தப் பருவத்துக் கட்டணத்தைக் கட்டியபின் அவன் சட்டைப்பையில் மிஞ்சியது ரசீது மட்டும்தான். பல்கலைக்கழகத்துக்கோ அறிவைப் பரப்புவதில் அடங்காத ஆசை. வெறும் அறிவுக்கு ஆள் சேராததால், ஒவ்வொரு கருத்தரங்கின் முடிவிலும் சாப்பாடு போட்டது.

காவலாளி கண்ணை எடுக்கவில்லை. அவர் சந்தேகம் தீரட்டும் என்று மாணவன் எழுந்து ஒரு கேள்வி கேட்டு வைத்தான்.

"முழங்கால் ஏன் ஐயா பின்னாடி மட்டும் மடங்குது?"

பேசிக்கொண்டிருந்த பேராசிரியர் பூரித்துப்போனார். அவர் பதில் சொல்லி முடிப்பதற்குள் பின்வரிசை சாப்பாட்டைக் காலி செய்துவிட்டது.

"கேள்வியெல்லாம் வயிறு நிறைஞ்சவங்க கேக்கட்டும் தம்பி" என்று, பரிமாறும் அக்கா தன் பங்கு ரொட்டியை அவன் கையில் வைத்தாள்.

அடுத்த கருத்தரங்கு கடல் அலைகளைப் பற்றியது. தூணுக்குப் பின்னால் ஒளிந்து உட்கார்ந்தான். மேடையில் அதே பேராசிரியர்! மூட்டும் தெரிகிறது, கடலும் தெரிகிறது, எப்பேர்ப்பட்ட மேதை என்று வியந்தான்.

"அந்தக் கூர்மையான பையன் முன்னால வரட்டும்! நன்றியுரை அவர்தான்!" என்றார் மேதை.

நன்றி சொன்னவன் பெரியவர்களை வழியனுப்பித் திரும்பியபோது பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்திருந்தார்கள்.

மூன்றாம் முறை அவனையே பேசக் கூப்பிட்டார்கள். தலைப்பு, 'மாணவர் வாழ்வில் சிக்கனம்'. தலைமை, துணைவேந்தர். பேச்சாளருக்கு முதல் பந்தி உறுதி என்பதால் உடனே தலையாட்டினான். கொஞ்சம் மனம் உருகப் பேசினால் கட்டணத்தையும் குறைப்பார்கள் என்று ஒரு நப்பாசை வேறு.

"மதியம் சாப்பிடாம இருக்கப் பழகிட்டேன். பசிச்சா தண்ணி குடிச்சிட்டு நூலகத்துல உக்காந்துடுவேன்" என்றான், குரல் தழுதழுக்க.

துணைவேந்தர் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"இவரல்லவா இளைஞர்! இவர் காட்டிய வழியில், இன்று முதல் நம் கருத்தரங்குகளில் சாப்பாடு கிடையாது. தண்ணீர் மட்டும்!"

கட்டணத்தைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. அவருக்கு வேறோர் இடத்தில் விருந்து இருந்தது, காரேறிப் போய்விட்டார்.

அரங்கிலிருந்த அத்தனை மாணவர்களும் பேச்சாளனை முறைத்தார்கள். "நல்லா இருப்படா!" என்று யாரோ பல்லைக் கடித்தார்கள். தப்பித்து வெளியே ஓடினான்.

பின்படிக்கட்டில் பரிமாறும் அக்கா தன் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டிருந்தாள்.

"மூஞ்சிய அப்படி வச்சுக்காதே. வா, ரெண்டு பேருக்கும் காணும். கடவுள் பாத்துப்பார்."

முதல் வாய் எடுக்கும்போது பேராசிரியர் வந்து நின்றார். மாணவன் பதறி எழுந்தான்.

"மன்னிச்சிடுங்க ஐயா. உங்க கூட்டத்துக்கெல்லாம் நான் சாப்பாட்டுக்குத்தான் வந்தேன்."

அக்கா எதுவும் கேட்காமல் டப்பாவின் மூடியில் ஒரு பங்கு எடுத்து அவரிடம் நீட்டினாள். அவர் அதை வாங்கிக்கொண்டு படியில் உட்கார்ந்தார்.

"கொஞ்சம் நகந்துக்கோ தம்பி. என் பொண்ணுக்கு இங்க பீஸ் கட்டினதிலேருந்து, நானும் சாப்பாட்டுக்குத்தான் பேசிட்டிருந்தேன்."