விரலுக்கொரு சாறு

உலகத்தில் நோயாளிகள் ஒரு பங்கு என்றால் வைத்தியம் சொல்கிறவர்கள் ஒன்பது பங்கு. அதிலும் அசைக்க முடியாத ஓர் இனம் உண்டு: இலைச்சாறு இனம். நீங்கள் தும்மிப் பாருங்கள், கைக்குட்டையை எடுப்பதற்குள் மூக்குக்கு நேராக ஓர் இலை வந்து நிற்கும். படித்த படிப்பு? கிடையாது. குணமாக்கிய நோயாளி? "எனக்குத் தெரிஞ்சவரோட ஒண்ணுவிட்ட தம்பி." அந்தத் தம்பியை இதுவரை யாரும் கண்ணால் கண்டதில்லை.

இந்த இனத்தில் ஒருவர் நம் தையல்காரருக்கு மச்சானாக வாய்த்தார். மனைவியின் அண்ணன். தெரு வைத்த பெயர் சாறு மச்சான். தையல்காரருக்கோ பத்து வருஷச் சர்க்கரை. மிஷினை மிதிக்கிற பாதங்கள் இரண்டும் தணலில் வைத்த மாதிரி எரியும். கால் போனால் மிதி போச்சு, மிதி போனால் பிழைப்பே போச்சு என்று மனிதர் உள்ளுக்குள் நடுங்கிக்கொண்டிருந்தார். இப்படி நடுங்குகிறவர்கள்மேல்தான் மச்சான்களுக்குப் பாசம் பொங்கும்.

"மாத்திரையெல்லாம் சூடு மாப்ளே. தூக்கிப் போடு. கற்றாழை தடவு" என்றார் மச்சான்.

தூக்கிப் போட்டார். தடவினார். மிதியில் கால் வழுக்கி, ஒரு சட்டையின் கை கழுத்தோடு சேர்ந்து தைக்கப்பட்டது. பிறகு இஞ்சிச் சாறு. பிறகு மச்சானுக்கே பெயர் தெரியாத ஒரு பச்சைச் சாறு. எது கேட்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? விரலுக்கொரு சாறு! பத்துக் கால்விரலுக்கும் கடையில் கிடந்த துண்டுத் துணியில் பத்து நிறத்தில் கட்டு. தினம் காலையில் மச்சான் வந்து குனிந்து, "மஞ்சளு எப்படி இருக்காரு? ஊதா நல்லாத் தூங்குனாரா?" என்று ஒவ்வொருவராக நலம் விசாரிப்பார்.

கடைசியாக வந்தது மிளகாய்ச் சாறு.

"எரியுற காலுக்கு மிளகாயா மச்சான்?"

"முள்ளை முள்ளாலதான் எடுக்கணும்."

ஐயையோ! தையல்காரர் மேசையைச் சுற்றி மூன்று ஓட்டம் ஓடினார். இடுப்பளவு கொடுக்க நின்ற வாடிக்கையாளரும், அளவு நாடாவுக்குள் மாட்டியிருந்ததால், பாவம், கூடவே ஓடினார்.

பதினைந்தாம் நாள் எரிச்சல் சட்டென்று நின்றது. "போச்சு மச்சான்! ஒண்ணுமே தெரியல!" என்று தையல்காரர் குதித்தார். மச்சான் தெருவில் இறங்கி, எதிர்ப்பட்ட பால்காரர் முதல் தபால்காரர் வரை நிறுத்தி வைத்துச் செய்தி சொன்னார். பத்தில் எந்தச் சாறு என்று கேட்டவர்களுக்கு, "எல்லாம் கூடிப் பேசி முடிச்சிருக்கு" என்றார்.

சாயங்காலம் மனைவிதான் பார்த்தாள். "ஏங்க, உள்ளங்கால்ல என்னங்க மினுங்குது?"

குண்டூசி. கொண்டைவரை இறங்கியிருந்தது. மதியம் முழுக்க அதன்மேல் நின்று துணி வெட்டியவர், "எந்தக் கால்ல?" என்று கேட்டார்.

அவள் ஓடிப்போய்த் தெருவில் நின்ற அண்ணனைக் கூட்டிவந்தாள். "அண்ணே, வலி போகல. உணர்ச்சி போயிருக்கு!" என்று அழுதுகொண்டே இருவரையும் டாக்டரம்மாவிடம் இழுத்துப் போனாள்.

டாக்டரம்மா ஊசியைப் பிடுங்கி, கழுவி, கட்டினார். "எரிஞ்ச கால் திடீர்னு மரத்துப்போனா சந்தோஷப்படாதீங்க, ஓடி வாங்க. இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா புண் சீழ் வெச்சு காலுக்கே ஆபத்து. மாத்திரையை யார் நிறுத்தச் சொன்னது?"

தையல்காரர் மச்சானைப் பார்த்தார். மச்சான் மின்விசிறியைப் பார்த்தார். வெட்கப்பட்டாரா? பட்டார், இரண்டு நிமிஷம். அதற்குள் டாக்டரம்மா தெரியாத்தனமாகத் தன் கழுத்தைத் தடவிவிட்டார்.

"கழுத்து வலியாம்மா? எனக்குத் தெரிஞ்சவரோட..."

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் மிளகாய்ச் சாறு என்று படித்தபோது, 'சே, அதுக்கு அது இல்லையே, வேற ஒண்ணு இருக்கே' என்று நாக்கு நுனிவரை வந்ததே, அது யாருக்கு? நல்லது. அந்த இலையைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். தையல்காரருக்கு மிச்சமிருப்பது இரண்டே இரண்டு கால்.