சைவமும் கிடைக்கும்

கரண்டியார் என்றால் அந்த வட்டாரத்து ஹோட்டல்களில் ஒரு நடுக்கம் உண்டு. நடுக்கம் என்று சொல்வது நாம். அவர் அதை மரியாதை என்று சொல்லிக்கொள்வார்.

மனுஷனுக்கு லிஃப்ட் பரிசோதிக்கிற வேலை. கட்டடம் கட்டடமாகப் போய், வடம் சரியா, கதவு சரியா, நடுவழியில் நின்றால் மணி அடிக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். ஏறுவதும் இறங்குவதுமாகவே இருபத்திரண்டு வருஷம் ஓடிவிட்டது. குடியிருப்பதோ லிஃப்ட் இல்லாத கட்டடத்தில், மூன்றாவது மாடி. யார் சொன்னாலும் நம்பாதே, நீயே தட்டிப் பார் என்பது தொழில் அவருக்குக் கற்றுக்கொடுத்த பாடம். அதை அப்படியே சாப்பாட்டு மேஜைக்கும் கொண்டுவந்துவிட்டார்.

ஏனென்றால் அவர் சைவம். சும்மா சைவம் இல்லை, சுற்றிச் சுற்றி வந்து விசாரிக்கிற சைவம். வெளியில் சாப்பிடப் போனால் தோள்பையில் ஒரு கரண்டி இருக்கும். எவர்சில்வர், நீளப் பிடி, அதற்கென்றே தைத்த துணி உறை. "கோழியைக் கிளறின கரண்டியாலதானே எங்க காயையும் கிளறுவீங்க? இந்தாங்க, இதால கிளறுங்க" என்று சர்வரிடம் நீட்டுவார். அப்படித்தான் அந்தப் பெயர் வந்தது. "ஐயையோ, கரண்டியார் வந்துட்டார்" என்று யாரோ கிசுகிசுத்தது முதல் தடவை காதில் விழுந்தபோது அவர் கோபப்படவில்லை. "கரண்டின்னு விடாம, 'ஆர்' சேர்த்திருக்காங்க, கவனிச்சியா?" என்று மனைவியிடம் பெருமையாகக் கேட்டார்.

வீட்டம்மாவுக்குப் பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேஜையில் வேலை. தாடையைப் பிடித்துக்கொண்டு அலறி வருகிறவர்களை, "ஒரே நிமிஷம்தாங்க, தெரியவே தெரியாது" என்று சொல்லி உள்ளே அனுப்புகிற குரல். எப்பேர்ப்பட்ட ஆளும் அந்தக் குரலுக்கு வாயைத் திறந்துவிடுவான். வாரத்தில் ஆறு நாள் ஆஸ்பத்திரி, வீட்டுக்கு வந்தால் அடுப்பு. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மட்டும் அடுப்புக்கு லீவு, வெளியில்தான் சாப்பாடு என்று கல்யாணமான புதிதில் பேசி வைத்தது. பேச்சு பேச்சாகவே நின்றுபோனது. கரண்டியார் கேள்வி கேட்பார், சமையல்கட்டை எட்டிப் பார்ப்பார், மூக்கை உறிஞ்சுவார், உதட்டைப் பிதுக்கிக்கொண்டு எழுந்துவிடுவார். பட்டினியோடு மூன்று மாடி ஏறி வந்து அந்த அம்மாதான் சமைக்க வேண்டும். கடைசி ஆறு ஞாயிறில் நாலு இப்படிப் போயின. மற்ற இரண்டில் சாப்பாடு மேஜைக்கு வந்தது, ஆனால் விசாரணை முடிவதற்குள் ஆறி அவலாகிவிட்டது.

அந்த ஞாயிறு மத்தியானம் வீட்டம்மா அடுப்பைத் துடைத்தார். அதன் மேல் ஒரு துணியை விரித்தார். துணி மேல் ஒரு பூச்சாடியை வைத்தார்.

"என்ன இது?" என்றார் கரண்டியார்.

"பூச்சாடி."

"அது தெரியுது. அடுப்பு மேல எதுக்கு?"

"இன்னிக்கு சாயங்காலம் இந்த அடுப்பு என் கையால எரியாது. அதுக்கு."

"எரியணும்னு நானா சொன்னேன்? நல்ல ஹோட்டலா இருந்தா சாப்பிட்டுட்டு வரப்போறோம்."

"உங்களுக்கு நல்ல ஹோட்டல்னு ஒண்ணு இந்த உலகத்துல இருக்கா?"

"இருக்கும். தேடணும்."

"தேடித் தேடிப் பசியோட திரும்பி வந்தா?"

"வந்தா... அதான் நீ இருக்கியே."

"ஏன், நீங்க இல்லையா?"

"எனக்கு வெந்நீர்கூடப் போடத் தெரியாதேம்மா!" என்றார் கரண்டியார். அதையும் ஏதோ பட்டம் வாங்கின மாதிரிதான் சொன்னார்.

வீட்டம்மா சண்டைக்கு வரவில்லை. அங்கேயே அவர் உஷாராகியிருக்க வேண்டும். "மூலையில புதுசா ஒரு கடை திறந்திருக்காங்க, அங்க போவோம். உங்க கரண்டியை மறக்காம எடுத்துக்குங்க" என்றார் அந்த அம்மா. கரண்டியாருக்குப் புல்லரித்துப்போயிற்று. இத்தனை வருஷத்தில் அந்தக் கரண்டியை ஒளித்துவைத்திருக்கிறாளே தவிர, எடுத்துக்கொள்ளச் சொன்னதே இல்லை. அப்பாடா, ஒருவழியாக என் வழிக்கு வந்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டார். பாவம்.

ஆறரை மணிக்குக் கடை வாசலில் நின்றார்கள். புதுப் பெயின்ட் வாசனை. கண்ணாடிக் கதவுக்கு மேலே ஒரு போர்டு: 'இங்கு சைவமும் கிடைக்கும்.' கரண்டியார் படியிலேயே நின்றுவிட்டார்.

"பார்த்தியா?"

"என்னத்த?"

"போர்டை. 'சைவம் கிடைக்கும்'னு போடல. 'சைவமும்'னு போட்டிருக்கான்."

"ஆமா, அதுக்கென்ன இப்ப?"

"அந்த 'உம்'முலதான்மா விஷயமே இருக்கு! அந்த 'உம்'முக்குள்ள ஒரு கோழி உக்காந்திருக்கு. அதுக்குப் பக்கத்துல ஒரு மீன் படுத்திருக்கு. யோசிச்சுப் பாரு!"

"உம்."

"என்ன உம்?"

"கேட்டுக்கிட்டேன்னு சொன்னேன். உள்ள வாங்க."

உள்ளே ஆறு மேஜை. சமையல்கட்டுக் கதவில் வட்டமாக ஒரு கண்ணாடி. காதில் பென்சில் செருகிய நரைத்தலை சர்வர் ஒருவர் வந்து நின்றார். கரண்டியார் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். விசாரணை ஆரம்பமாயிற்று.

"சூப் எந்தத் தண்ணில?"

"குழாய்த் தண்ணில சார்."

"அதைக் கேக்கல. எலும்பு வேகவெச்ச தண்ணியா?"

"இல்ல சார், காய் வேகவெச்சது."

"அந்தக் காயை வெட்டின கத்தி?"

"நல்ல கத்தி சார்."

"அதுக்கு முன்னாடி எதை வெட்டுச்சு?"

"காயைத்தான்."

"அதுக்கும் முன்னாடி?"

சர்வர் கூரையைப் பார்த்து யோசித்தார். "அதுக்கும் முன்னாடி அது கடையில அட்டைப்பெட்டிக்குள்ள இருந்துச்சு சார். நேத்துதான் வாங்கினோம்."

கரண்டியாருக்குச் சப்பென்று ஆகிவிட்டது. இவ்வளவு நல்ல பதிலை அவர் எதிர்பார்க்கவில்லை. சரி, பிரம்மாஸ்திரம் இருக்கவே இருக்கிறது என்று பையிலிருந்து கரண்டியை உருவினார். சர்வர் அதைத் தொடவில்லை. "ஒரு நிமிஷம் சார்" என்று உள்ளே போய் மாஸ்டரையே கூட்டிக்கொண்டு வந்தார். மாஸ்டர் நல்ல வாட்டசாட்டமான ஆள். ஒரு பக்கக் கன்னம் மட்டும் லேசாக வீங்கியிருந்தது.

"வணக்கம்மா" என்றார் மாஸ்டர், முதலில் வீட்டம்மாவைப் பார்த்து.

"வாங்க மாஸ்டர். இப்ப வலி எப்படி இருக்கு?"

"நீங்க சொன்ன மாதிரியேதாம்மா, தெரியவே இல்ல."

இதெல்லாம் கரண்டியார் காதில் விழத்தான் செய்தது. மண்டையில்தான் ஏறவில்லை. தன் புகழைக் கேள்விப்பட்டு மாஸ்டரே நேரில் வந்திருக்கிறார் என்ற பூரிப்பில் இருந்தார் அவர்.

"சார்," என்று அவர் பக்கம் திரும்பினார் மாஸ்டர். "உங்க கரண்டி சுத்தம், ஒத்துக்குறேன். ஆனா எனக்கு ஒரு சந்தேகம்."

"தாராளமா கேளுங்க."

"அதைப் பிடிக்கிற கை?"

"எந்தக் கை?"

"என் கைதான் சார். காலையிலேர்ந்து எதையெல்லாம் தொட்டுச்சுன்னு நீங்க கேட்டா, பொய் சொல்ல எனக்கு வாய் வராது."

கரண்டியார் ஆடிப்போய்விட்டார். இத்தனை வருஷம் கரண்டியின் இந்த முனையைப் பற்றியே கவலைப்பட்டாரே ஒழிய, அந்த முனையில் ஒரு கை இருக்கும் என்று யோசித்ததே இல்லை. லிஃப்டின் வடத்தைப் பார்த்துவிட்டுக் கொக்கியைப் பார்க்காமல் கையெழுத்துப் போட்ட மாதிரி ஆகிவிட்டது. அவமானமாக இருந்தது. "சரி எந்திரி, போலாம்" என்றார்.

வீட்டம்மா அசையவில்லை. "போய்? அடுப்பு மேல பூச்சாடி இருக்கு."

"அதுக்காக?"

"நீங்க நம்புற கை ஒண்ணு இங்கயே இருக்கேங்க."

"எது?"

வீட்டம்மா அவருடைய வலது கையைப் பார்த்தார். சர்வரும் பார்த்தார். மாஸ்டரும் பார்த்தார். கடைசியில் கரண்டியாரே குனிந்து பார்த்துக்கொண்டார்.

"விளையாடறியா? எனக்குச் சமைக்கத் தெரியாதே!"

"சமைக்கச் சொன்னது யாரு? நீங்க போய் மேற்பார்வை பாருங்க. மாஸ்டர் சொல்லச் சொல்ல லேசா கிளறிவிடுங்க, அவ்வளவுதான்." குரலில் தேன் வழிந்தது. "ஒரே நிமிஷம்தாங்க. தெரியவே தெரியாது."

கரண்டியார் எழுந்து உள்ளே போனார்.

உள்ளே பின்பக்கச் சுவரோரம் தனியாக ஓர் அடுப்பு காத்திருந்தது. அதன் மேல் ஸ்டிக்கர்கூடக் கிழிக்காத புது வாணலி. ஆணியில் ஒரு வெள்ளை ஏப்ரன், அவர் தொப்பைக்கு அளவெடுத்த மாதிரி. எல்லாம் எப்படித் தயாராக இருக்கிறது என்று கேட்கத் தோன்றவில்லை அவருக்கு. சுத்தபத்தமாக இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டார். மாஸ்டர் ஸ்டூலில் உட்கார்ந்து, கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"எண்ணெய் காஞ்சுடுச்சான்னு நீங்களே சொல்லுங்க சார். நான் சொன்னா நம்புவீங்களா?"

"மாட்டேன்" என்றார் கரண்டியார். தானே பார்த்தார். காய்ந்திருந்தது. வெங்காயத்தைப் போட்டார். 'சொய்ங்' என்று ஒரு சத்தம் வந்தது பாருங்கள், மனுஷன் நிமிர்ந்துவிட்டார். மோட்டார் சத்தத்தை வைத்தே எந்த மாடியில் என்ன கோளாறு என்று சொல்கிற காது அது. சத்தம் கொஞ்சம் இறங்கியதும், "மாஸ்டர், சுருதி மாறுதே, அடுத்ததைப் போடலாமா?" என்றார்.

"அடேங்கப்பா! இது பிடிபட எனக்கு ரெண்டு வருஷம் ஆச்சு சார்!" என்றார் மாஸ்டர். அது முகஸ்துதி இல்லை, நிஜமாகவே அசந்துபோய்ச் சொன்னார்.

அப்புறம் கரண்டியாரைப் பிடிக்க முடியவில்லை. கேரட், பீன்ஸ், காளான், சோறு என்று வரிசையாக வாணலியில் இறங்கின. ஒரு விரலில் சுரீரென்று சுட்டது. வெளியே சொல்லவில்லை. ஆவி பறக்கப் பறக்க ஒரு தட்டைத் தன் கையாலேயே தூக்கிக்கொண்டு வந்து மனைவி முன்னால் வைத்தார். வீட்டம்மா ஒரு வாய் எடுத்துவைத்தார். கண்ணை மூடினார்.

"எப்படி இருக்கு?" என்றார் கரண்டியார்.

"சூடா இருக்குங்க" என்றார் அந்த அம்மா. குரல் கொஞ்சம் உடைந்தது. "ஒரு ஞாயித்துக்கிழமை இப்படிச் சூடா, யாரோ கொண்டாந்து வெச்சுச் சாப்பிட்டு எத்தனை வருஷமாச்சு."

கரண்டியாருக்கு நெஞ்சு விம்மியது. இந்தச் சந்தோஷத்தை இவ்வளவு நாள் கொடுக்காமல் விட்டோமே என்று ஒரு கணம் உறுத்தவும் செய்தது. அதற்குள் பக்கத்து மேஜையில் இருந்த வயதான தம்பதி, "நாங்களும் சைவம்தாங்க. எங்களுக்கும் அதே மாதிரி கிடைக்குமா?" என்று கேட்டார்கள். உறுத்தல் போன இடம் தெரியவில்லை. உள்ளே ஓடினார். அடுத்து ஜன்னலோர மேஜை கேட்டது. மறுபடி ஓடினார். வீட்டம்மா இரண்டாவது தட்டு கேட்டார். அதற்கும் ஓடினார். கடைசியில் மிச்சமிருந்ததை அடுப்போரம் நின்றபடியே தானும் சாப்பிட்டார். ஒரு கேள்விகூடக் கேட்காமல் அவர் வெளியில் சாப்பிட்ட முதல் சாப்பாடு அது.

வெளியே வந்தபோது ஏப்ரனோடு வந்தார். ஆறு மேஜையும் திரும்பிப் பார்த்தது. பெருமை தாங்கவில்லை. நாலு வார்த்தை பேசாமல் விட்டால் மனுஷன் வெடித்திருப்பார்.

"எல்லாரும் கேட்டுக்குங்க!" என்றார். "நம்பிக்கை, நம்பிக்கைங்கிறாங்களே, என்ன அது? பிரிச்சுப் பாருங்க. நம்பி, கை! நம்பிச் சாப்பிடணும்னா இந்த வட்டாரத்துலயே ஒரு கைதான் இருக்கு. அது இந்தக் கை!"

கடையே கை தட்டியது. எல்லாரையும்விட அதிகமாகத் தட்டியது வீட்டம்மாதான்.

அந்த வாரம் முழுக்க லிஃப்டில் ஏறியவர்கள் இறங்கியவர்கள் எல்லாருக்கும் வெங்காயம் வதங்குகிற சத்தத்தைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தார் கரண்டியார். அடுத்த ஞாயிறு ஆறு மணிக்குத் தலை வாரி, சட்டை மாற்றி, பையை மாட்டிக்கொண்டு கூடத்துக்கு வந்தார். வீட்டம்மா சோபாவில் காலை நீட்டிப் படுத்து வாரப் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தார். அடுப்பின் மேல் துணியும் இல்லை, பூச்சாடியும் இல்லை.

"என்ன, கிளம்பலையா?"

"எங்கங்க?"

"ஹோட்டலுக்கு!"

"எதுக்குங்க? வெளியாள் கை வெளியாள் கைதானே? நம்புற கைதான் வீட்டுலயே இருக்கே. நீங்களே சொன்னீங்க, அத்தனை பேர் முன்னாடி."

"அது... அன்னிக்கு ஏதோ பேச்சுக்குச் சொன்னது..."

"ஓகோ." வீட்டம்மா பத்திரிகையை மடித்தார். "அப்ப அந்தக் கையையும் நம்பக் கூடாதா?"

நம்பக் கூடாது என்றால் இத்தனை வருஷத்து மானம் போகிறது. நம்பலாம் என்றால் ஞாயிற்றுக்கிழமை போகிறது. மேலேயும் போக முடியாமல் கீழேயும் வர முடியாமல் நின்றார் கரண்டியார். கடைசியில் மானம்தான் ஜெயித்தது. பையை இறக்கி வைத்தார். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார்.

"என்ன பெரிய வேலை!" என்றார் நெஞ்சை நிமிர்த்தி. "ரெண்டே பேருக்குத்தானே, அரை மணி நேரத்துல முடிச்சுக் காட்டறேன் பாரு!"

"அவசரமே இல்லைங்க, நிதானமா பண்ணுங்க" என்றார் வீட்டம்மா, பத்திரிகையை மறுபடி விரித்துக்கொண்டே. "எதிர் வீட்டுக்காரங்க ஏழு பேரும் ஏழரைக்குத்தான் சாப்பிட வராங்க."