ஹைட்ரேஞ்சியாவுக்கு மொட்டை

மனைவி ஊருக்குப் போயிருக்கும் நேரத்தில் கணவன் தூங்கலாம், சீட்டாடலாம், பட்டினிகூடக் கிடக்கலாம். கத்தரிக்கோலை மட்டும் தொடக்கூடாது. எண்பதுகளில், கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் குடியிருந்தபோது நான் தொட்டேன்.

என் மனைவி செல்வி கேமரன் மலைக்காரி. மலைக் குளிரில் பந்து பந்தாகப் பூக்கும் ஹைட்ரேஞ்சியாக் கன்று ஒன்றை அங்கிருந்து கொண்டுவந்து தொட்டியில் வைத்தாள். "கோலாலம்பூர் வெயில்ல அது பூக்காதுடி" என்று என் மாமியார் சொன்னதுதான் தாமதம், பூக்கவைத்தே தீருவேன் என்று வரிந்துகட்டிக்கொண்டாள். காலை வெயில் மட்டும் படும்படி தொட்டியை நகர்த்துவாள். மதியம் ஈரச் சாக்கைச் சுற்றுவாள். குட்டி மரமாக நிற்க வேண்டுமென்று ஒரே தண்டை விட்டுவிட்டு, அடியில் கிளம்பும் துளிரையெல்லாம் நகத்தால் கிள்ளி எடுப்பாள். (என்னை அந்தப் பக்கம் அண்டவிட்டதில்லை. ஆளை எடைபோடத் தெரிந்தவள்.) ஒருவழியாக உச்சிக் கிளைகளில் மொட்டு கட்டியது. அம்மாவை நேரில் கூட்டிவந்து காட்டவேண்டுமென்று குழந்தையோடு பஸ் ஏறிவிட்டாள்.

அது மொட்டு என்று அவளுக்குத் தெரியும். எனக்கு அது ஏதோ பூச்சி வைத்த கட்டி.

அவர்கள் திரும்பி வரும் நாளன்று காலையில் எனக்குள் ஒரு விவசாயி விழித்துக்கொண்டான். முந்தின வருஷம்தான் மகளுக்குப் பத்துமலை முருகன் கோயிலில் மொட்டை போட்டிருந்தோம். அதற்கப்புறம் அவளுக்கு முடி என்ன அடர்த்தி! கத்தரிக்கோலை எடுத்தேன்.

வேலிக்கு அந்தப் பக்கம் லெட்சுமி அக்கா பதறினார். "தம்பி, செல்வி வந்ததும் கேட்டுட்டு வெட்டலாம் லா!"

"மொட்டை போட்டாதான்க்கா மொத்தமா வரும்" என்றேன், தாவரவியலைக் கரைத்துக் குடித்தவன் மாதிரி.

சாயங்காலம் டாக்சியிலிருந்து இறங்கிய மாமியார், தொட்டியில் நின்ற மொட்டைக் குச்சியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "மாப்ள, இதைக் காட்டவா என்னை இவ்வளவு தூரம் கூட்டியாந்தா?"

செல்வியின் கண் கலங்கிவிட்டது. ஆனால் ஒரு வார்த்தை திட்டவில்லை. குழந்தையை என் கையில் திணித்துவிட்டுக் குப்பைத்தொட்டியைக் கிளறினாள். வெட்டிய கிளைகளில் நல்லதாகப் பொறுக்கினாள். நுனி மொட்டை நீக்கி, இலைகளைப் பாதிப் பாதியாக நறுக்கி, பால் டின்களில் ஈர மணல் போட்டு ஊன்றி, குளியலறை ஜன்னலோரம் வரிசையாக வைத்தாள். அவை வேர் விட்டுத் தொட்டிக்கு மாறியதும், நான் ஷேவிங்குக்கு வைத்திருந்த படிகாரத்தைத் தண்ணீரில் கரைத்து அவ்வப்போது ஊற்றினாள். நான் கன்னத்தில் கீறலோடு வேலைக்குப் போனேன். கேட்கிற தைரியம் எனக்கேது?

மறுவருஷம் அதில் ஒன்று பூத்தது. படிகாரத் தண்ணீர் ஏற்றிய நிறம்; நீலமென்றால் அப்படி ஒரு நீலம். மறுபடி பஸ் ஏறி வந்த மாமியார் தொட்டியின் முன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, "எங்க வீட்டுலகூட இப்படிப் பூக்கலடி" என்றார். அன்றைக்குச் செல்வியின் முகத்தைப் பார்த்தபோது, இப்படி ஒருத்திக்கு நான் கணவனாக வாய்த்தேனே என்று எனக்குப் பெருமையாகவும் அவள்மேல் பரிதாபமாகவும் இருந்தது.

அக்கம்பக்கத்தினர் ரகசியம் கேட்டு வந்தார்கள். அவள் வெயிலையும் சொல்லவில்லை, படிகாரத்தையும் சொல்லவில்லை. "எல்லாம் அவரு கைராசி லா. மொட்டை போட்டாரு, பூத்துருச்சு."

தண்டனை அப்போதுதான் தொடங்கியது. முதல் ஆளாக லெட்சுமி அக்காவே தன் ரோஜாத் தொட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். என்னுடைய கத்தரிக்குப் பலியான செடிகளை அவள் ஒவ்வொன்றாகப் பிழைக்கவைத்துத் திருப்பி அனுப்ப, கைராசிக்காரன் என்ற என் பேர் கிள்ளான் நகரம் வரைக்கும் பரவியது. இப்போதும் யாராவது தொட்டியோடு வாசலில் வந்து நின்றால், நான் பின்கட்டுக்கு நழுவுவதற்குள் அவள் குரல் கேட்டுவிடும்:

"உள்ள வாங்க, வாங்க. பார்பர் வீட்லதான் இருக்காரு!"