பாலைமரத்தில் ஆள்

உலக வனவிலங்கு நிழற்படக் கலையின் வரலாற்றை எழுதுகிறவர்கள், 1998 வைகாசிக்கு முன், பின் என்று அதை இரண்டாகப் பிரித்தே எழுத வேண்டியிருக்கும். அந்த மாதத்தில்தான் வன்னிக் காட்டோரத்து அக்கராயனில் 'காட்டுக் கரடிப் படப்பிடிப்பு மற்றும் பாதுகாப்புக் குழு' உதயமானது. செயலாளர் அடியேன். எங்களிடம் இறப்பர் முத்திரைகூட இருந்தது. மைதான் இல்லை. வெள்ளைச் சட்டைக்குப் போடும் நீலத்தைக் கரைத்துச் சமாளித்தோம்.

கொழும்பிலுள்ள ஓர் அமைப்பு எங்களுக்குப் படிவம் அனுப்பியிருந்தது. ஓநாய்களையும் கரடிகளையும் காட்டிலேயே படம் எடுத்து, அவற்றுக்குள்ள ஆபத்துகளையும் எழுதி அனுப்ப வேண்டுமாம். எங்கள் காட்டில் ஓநாய் இல்லை. அதற்கு ஆழ்ந்த வருத்தம் தெரிவித்து முதற் கூட்டத்திலேயே தீர்மானம் நிறைவேற்றினோம். அடுத்தது 'ஆபத்துகள்' என்ற கட்டம்.

"ஷெல் அடி, இடப்பெயர்வு, பட்டினி எண்டு எழுதும்" என்றார் தலைவர் சிற்றம்பலம்.

"அது எங்களுக்கெல்லோ ஐயா?" என்றான் மெல்ரொன். முல்லைத்தீவில் ஸ்ரூடியோ வைத்திருந்து, கமராவை மட்டும் தூக்கிக்கொண்டு ஓடி வந்தவன்.

"கரடியும் எங்கடை இடத்திலைதானே இருக்குது? எழுதும்."

எழுதினேன்.

ஒரு சிறு சிக்கல் இருந்தது. யுத்தத்தால் வன்னிக்குப் பிலிம் வருவதற்குத் தடை. மெல்ரொனின் கமராவில் ஒரேயொரு படத்துக்குத்தான் பிலிம் மிச்சம். இதை எப்படியோ அறிந்து, கூட்டத்தின் நடுவே வந்து நின்றாள் சுப்பம்மா. மலையகத்திலிருந்து வந்து, காட்டோரம் குடிசை போட்டிருப்பவள். இரண்டு பிள்ளைகள்.

"ஐயா, என்னய ஒரு படம் புடிச்சுக் குடுங்க. படம் இல்லாம நிவாரண அட்டை தரமாட்டேங்கிறாங்க. ரெண்டு மாசமா அரிசி இல்லீங்க."

"எடுத்துக் குடுப்பம் ஐயா, பாவம்" என்றான் மெல்ரொன்.

தலைவர் கண்ணை மூடி யோசித்தார். "பிள்ளை, நீர் ஒரு ஆள். கரடி ஒரு இனம்."

இவ்வளவு ஆழமான பேச்சை நான் அதற்குமுன் கேட்டதில்லை. சுப்பம்மாவின் கோரிக்கை 'அனுதாபத்துடன்' நிராகரிக்கப்பட்டது.

வழிகாட்டியாக, தேன் எடுக்கிற மூக்கனைப் பிடித்தோம். காட்டு விளிம்பில் அவன் எங்களை நிறுத்தினான்.

"உள்ளுக்கை போனாப் பிறகு அதின்ரை பேரைச் சொல்லக்கூடாது. சொன்னா வந்து நிக்கும். 'ஆள்' எண்டுதான் சொல்லோணும்."

"வரத்தானே வேணும்?" என்றார் தலைவர்.

"வந்தாப் பிறகு நீங்கள் நிக்கோணுமே ஐயா!"

இதை ஏற்று, நின்ற நிலையிலேயே தீர்மானம் எடுத்தோம். இனிக் கரடி 'ஆள்' எனப்படும்.

பாலைப்பழக் காலம். கரடிக்குப் பாலைப்பழம் என்றால் உயிர். அரை மைல் போனதும் மூக்கன் கையைக் காட்டி, "ஐயோ, மரத்திலை ஆள்!" என்றான். கறுப்பாக, மயிர் சிலிர்த்துக்கொண்டு ஒன்று கிளையைக் கட்டிப்பிடித்தபடி இருந்தது. மெல்ரொன் 'கிளிக்' என்றான். அடுத்த கணமே குழு முழுவதும் கட்டுக்கோப்பாக ஓடியது. தலைவர் முன்னணியில் இருந்தார்.

பிலிம் வவுனியா வழியாகப் போனது. ஐந்தே கிழமையில் கழுவிய படமும் பாராட்டுச் சான்றிதழும் வந்து சேர்ந்தன. அரிசி லொறிகூட அவ்வளவு விரைவாக வந்ததில்லை. 'முன்கையில் வெளிர் வளையமுள்ள அபூர்வக் கரடி' என்று சான்றிதழ் சொன்னது. மெல்ரொன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான்.

"ஐயா, கரடி வளையல் போடுமோ?"

மெல்ரொன் படத்தைக் கண்ணுக்கு இன்னும் கிட்டக் கொண்டுபோனான்.

"மூக்குத்தியும் கிடக்குது. நாங்கள் கரடி படம் எடுக்கேல்லை, கரடி விட்டிருக்கிறம்!"

செய்தி பரவி, சுப்பம்மா ஓடி வந்தாள். படத்தைப் பார்த்து அவள் சிரித்த சிரிப்பை என்னால் மறக்க முடியவில்லை.

"நாந்தாங்க இது! எறும்பு கடிக்குமேன்னு கறுத்த சாக்கப் போட்டுக்கிட்டுப் பழம் பறிக்க ஏறினேன். பாதி மூஞ்சி தெரியுதே, போதுமுங்க. 'இது சுப்பம்மாதான்'னு ஒரு வரி எழுதி முத்திரை போட்டுக் குடுங்க ஐயா. அட்டை தர்றேன்னுட்டாங்க."

ஒரு வரி. எழுத ஒரு நிமிடம் போதும். ஆனால் எழுதினால் சான்றிதழ் என்னாவது? அவசரக் கூட்டம் கூடியது. படத்தில் இருப்பது கரடியே என்று மூவர் கை தூக்கினர். மெல்ரொன் தூக்கவில்லை. எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. தூக்கிய மூன்று கைகளில் ஒன்று என்னுடையது. 'படத்தில் உள்ளது கரடி' என்று என் கையாலேயே எழுதி, நீலம் தோய்த்து முத்திரை குத்தி, நிவாரண அலுவலகத்துக்கு அனுப்பினேன்.

'கரடிக்கு நிவாரணம் வழங்க ஏற்பாடு இல்லை' என்று பதில் வந்தது. மறுக்க முடியாத பதில்.

சான்றிதழின் கீழே ஒரு பரிந்துரையும் இருந்தது. கரடிகளின் உணவான பாலைப்பழத்தை மனிதர் பறிப்பதே பெரிய ஆபத்து, உடனே தடுக்கவும். உடனே தடுத்தோம். 'கரடிகளுக்கு மட்டும். மனிதர் ஏறக்கூடாது' என்று பலகை எழுதி, அதே மரத்தில் நானே ஆணி அடித்தேன்.

கடைசி ஆணி அடிக்கும்போது பின்னால் சத்தம் கேட்டது. சுப்பம்மா, தோளில் சாக்கு, பக்கத்தில் இரண்டு பிள்ளைகள். பலகையைப் பெரிய பிள்ளை எழுத்துக் கூட்டி வாசித்துக் காட்டியது. அவள் கோபப்படவில்லை. மரியாதையாகத்தான் கேட்டாள்.

"கரடின்னா அரிசி இல்லைங்கிறீங்க. மனுசின்னா பழம் இல்லைங்கிறீங்க. புள்ளைங்க காலையிலருந்து ஒண்ணும் சாப்புடல. இப்ப நான் யாருன்னு நீங்களே சொல்லுங்க ஐயா. அதுப்படி ஏறுறேன்."

கூட்டம் கூட்டாமல் பதில் சொல்லச் செயலாளருக்கு அதிகாரம் இல்லை. சுத்தியலை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அன்று பாலைமரத்தடியில் நின்றவர்களில் மனிதர்கள் மூன்று பேர் மட்டுமே. எண்ணும்போது என்னைச் சேர்க்க வேண்டாம்.