ஆடு ஓட்டிய பஸ்

பூசணிக்காய் வண்டி வரும் என்று லிஃப்ட் மெக்கானிக் வாயைத் திறந்து சொல்லியிருக்கக் கூடாது.

படம் தொடங்கிப் பத்து நிமிடம்தான் ஆகியிருந்தது. திரையில் இரண்டு போலீஸ்காரர்கள். ஒருவன் சிடுமூஞ்சி, இன்னொருவன் ஓட்டைவாய். இருவரையும் ஒரே காரில் ஏற்றிவிட்டால் மீதிப் படம் தானாக ஓடும். கார் சந்துக்குள் திரும்பியதுமே மெக்கானிக் சீட்டின் நுனிக்கு வந்தான்.

"இப்பப் பாரு, குறுக்கே பூசணிக்காய் வண்டி வரும்."

வந்தது. நூறு பூசணிக்காய் பறந்தது. ஒன்று சிடுமூஞ்சியின் தலையில் தொப்பியாக உட்கார்ந்தது. மெக்கானிக் தொடையைத் தட்டிச் சிரித்தான். மனைவி சிரிக்கவில்லை.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"இதுல தெரியறதுக்கு என்ன இருக்கு? சந்துன்னு ஒண்ணு இருந்தா வண்டி வரத்தான் செய்யும்."

"வண்டி வரும், சரி. பூசணிக்காய்னு எப்படித் தெரியும்? தக்காளியா இருக்கக் கூடாதா?"

அவள் இப்படிக் கேட்கக் காரணம் இருக்கிறது.

இந்தப் படத்தின் முதல் பாகத்தை அவன் வேலை செய்யும் ஆட்களோடு போய்ப் பார்த்துவிட்டு வந்து, தூக்கத்தில் சிரித்து மாட்டிக்கொண்டான். பதினோரு நாள் மனைவி பேசவில்லை. அவன் அம்மாவும் மனைவியும் ஒரு குக்கர் மூடி விவகாரத்தில் ஏற்கெனவே பேச்சை நிறுத்தியிருந்தார்கள். "உங்கம்மாகிட்ட சொல்லுங்க." "உன் பொண்டாட்டிகிட்ட சொல்லு." அந்த வீட்டுக்கு அவன்தான் லிஃப்ட். இரண்டே மாடி, ஓய்வில்லாத சர்வீஸ். மனைவி அவனோடும் பேச்சை நிறுத்திய பதினோரு நாளும் சர்வீஸ் ரத்து. சீட்டு எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டி வாழ்ந்தார்கள்.

அதனால்தான் இரண்டாம் பாகத்துக்குக் கையில் அடித்துச் சத்தியம். அவளை விட்டு அவன் பார்க்கக் கூடாது, அவனை விட்டு அவள் பார்க்கக் கூடாது. மீறினால் பதினோரு நாள் இல்லை, பதினோரு மாதம்.

"நான் இந்தப் படத்தைப் பார்க்கலைம்மா. எல்லாப் படமும் இப்படித்தான். அந்த மீசைக்கார கமிஷனரைப் பாரு. நல்லவன் மாதிரி தோள்ல தட்டுறான்ல? கடைசியில அவன்தான் வில்லன்."

"அடப்பாவி!" என்றாள் மனைவி.

திரையில் கமிஷனர் அனாதைக் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்துக்கொண்டிருந்தார். அவரைச் சந்தேகிக்க இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.

பின்வரிசையிலிருந்து ஒரு ஆள் மெக்கானிக்கின் தோளைத் தொட்டார். "தம்பி, இப்ப ஆத்துல விழுந்தாளே, அந்தப் பொண்ணு செத்துட்டாளா, இல்ல திரும்பி வருவாளா?"

"வருவா. மொட்டை மாடியில, ஹெலிகாப்டர்ல." வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"நாலு தடவை பார்த்திருப்பாரு போல" என்று அந்த ஆள் தன் மச்சானிடம் சொன்னார். மனைவி காதில் அது நன்றாக விழுந்தது.

தப்பிக்க ஒரே வழி, தப்பாகச் சொல்வது. யாரும் எடுக்கத் துணியாத காட்சி ஒன்றை மெக்கானிக் யோசித்தான்.

"இப்ப பாரு. ஒரு ஆடு வந்து பஸ்ஸை ஓட்டும்."

சொல்லி முடிப்பதற்குள் மனைவி அவன் கையில் கிள்ளினாள். சாதாரணக் கிள்ளல் இல்லை, சதையைத் திருகிய கிள்ளல். அவன் "ஆ" என்று கத்தி முடித்தபோது திரையில் ஓட்டுநர் பஸ்ஸிலிருந்து குதித்தார். யாரோ ஏற்றி வந்த ஆடு ஸ்டியரிங்கில் முன்னங்காலைப் போட்டது. பஸ் மேம்பாலத்தில் பறந்தது.

அரங்கமே எழுந்து நின்று சிரித்தது. மெக்கானிக்குக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கை வலியில் கண்ணீரும் வந்தது. எது எதற்கு என்று அவனுக்கே தெரியவில்லை.

இடைவேளையில் மனைவி பாப்கார்னைத் தொடவில்லை. பின்வரிசைக்காரர் நாலு பேரைக் கூட்டி வந்து, "இவர்தான், எதுன்னாலும் கேளுங்க" என்றார். அவர்களை விரட்டிவிட்டு மெக்கானிக் தன் கூட்டாளிக்குப் போன் போட்டான். படம் வந்த நாளிலிருந்து இருவரும் ஒரே கட்டடத்தில் லிஃப்ட் குழிக்குள் கிடந்தார்கள். அதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. போனை மனைவியிடம் கொடுத்தான்.

"அண்ணே, போன வாரம் இவர் எங்க இருந்தாரு?"

"என்கூடத்தான் இருந்தாரு அண்ணி! எந்த நாளைக் கேக்கறீங்க?"

"வெள்ளிக்கிழமை."

"வெள்ளிக்கிழமையும் என்கூடத்தான். நீங்க எந்தக் கிழமை சொன்னாலும் என்கூடத்தான். சத்தியமா சினிமாவுக்கெல்லாம் போகலை அண்ணி!"

"சினிமான்னு நான் சொல்லவே இல்லையே அண்ணே."

போன் துண்டிக்கப்பட்டது.

படம் மறுபடி ஓடியபோது மெக்கானிக் கைக்குட்டையை வாயில் திணித்துக்கொண்டான். பேச்சை அடக்க முடிந்தது, சிரிப்பை முடியவில்லை. ஓட்டைவாய் வெடிகுண்டின் மேல் தெரியாமல் உட்காரப் போகும் இடத்தில், அவன் உட்காருவதற்கு முன்பே இவனுக்குச் சிரிப்பு வந்தது. அதே நொடியில் மனைவியும் சிரித்தாள். அரங்கம் ஒரு நொடி கழித்துச் சிரித்தது. புருஷன் பெண்டாட்டி என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று நினைத்து அவன் நெகிழப் பார்த்தான். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கமிஷனர் வில்லன் ஆனார். ஹெலிகாப்டரில் பெண் வந்தாள். சிவப்பு வயரா நீல வயரா என்று திணறிய சிடுமூஞ்சி இரண்டையும் வெட்டினான். எல்லாமே தெரிந்ததுதான். ஆனால் எந்த மாடிக்குப் போகும் என்று தெரிந்துதானே லிஃப்டில் ஏறுகிறோம்? மெக்கானிக்குக்குக் கடைசி நிமிடம் வரை அலுக்கவில்லை. அலுத்திருந்தால் வீடாவது பிழைத்திருக்கும்.

விளக்கு எரிந்ததும் மனைவி கேட்டாள். "கடைசியா கேக்கறேன். பார்த்தீங்களா, இல்லையா?"

இல்லை என்று சொன்னால் பதினோரு மாதம். ஆமாம் என்று சொன்னால் கொஞ்சம் குறையலாம்.

"பார்த்தேன்" என்றான், பார்க்காதவன்.

"அப்படி வாங்க வழிக்கு! யாரோட?"

"தனியா."

"ஆடு பஸ் ஓட்டினதை ஒத்தை ஆளா உக்காந்து பார்த்துச் சிரிச்சிருக்கீங்க. எப்படி மனசு வந்தது? சத்தியம்னா உங்களுக்கு என்ன, கடலை மிட்டாயா?"

"தப்புத்தான்மா. ஒரு மாசம் பாத்திரம் நான் கழுவறேன்."

"ரெண்டு மாசம். துணியும் நீங்கதான் துவைக்கணும். அப்புறம் உங்கம்மாகிட்ட சொல்லுங்க, பிள்ளையை வளர்த்த லட்சணம் இதுதான்னு."

அதையும் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். அம்மா காலையிலேயே தன் மூக்குக் கண்ணாடியைக் காணாமல் தவித்துக்கொண்டிருந்தாள். அதன் ஒடிந்த காதுக் கம்பியை அவன்தான் சிவப்பு வயர் சுற்றிக் கட்டிக் கொடுத்திருந்தான். "சரி விடுடா, எங்கயாவது இருக்கும், நீங்க கிளம்புங்க" என்று அவசரப்படுத்தி அனுப்பினாள். மருமகள் மேல் பழி போடாமல் அவள் தொலைத்த முதல் பொருள் அது.

தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு மெக்கானிக் படி இறங்கினான். மனைவி தலை நிமிர்ந்து முன்னால் போனாள். பின்னாலிருந்து, "அம்மா, நில்லுங்க! கொஞ்சம் நில்லுங்க!" என்று குரல் வந்தது. டார்ச் அடித்து சீட் காட்டும் ஆள் மூச்சு வாங்க ஓடி வந்தார். இருட்டில் அவர் டார்ச்சுக்குக் காத்திருக்காமல், "அந்த சீட் ஸ்பிரிங் குத்தும், இதுல உக்காருங்க" என்று மனைவி தன்னை இழுத்து உட்கார வைத்தது மெக்கானிக்குக்கு இப்போது ஏனோ நினைவுக்கு வந்தது.

டார்ச்காரர் சட்டைப் பையிலிருந்து ஒரு மூக்குக் கண்ணாடியை எடுத்து மனைவியிடம் நீட்டினார். அதன் ஒரு காதுக் கம்பியில் சிவப்பு வயர் சுற்றியிருந்தது.

"நேத்து அந்த ஆடு பஸ் ஓட்டினப்போ நீங்களும் உங்க மாமியாரும் கட்டிப் புடிச்சுக்கிட்டு சிரிச்சீங்களேம்மா, அப்ப விழுந்தது."