பதினோராவது தட்டு

கையில் புதிதாக ஒரு பொருள் வந்த மனிதனிடம் முதல் ஒரு வாரத்துக்கு எந்த முக்கியமான வேலையையும் ஒப்படைக்கக் கூடாது. அவன் அந்தப் பொருளைத் தவிர வேறு எதையும் பார்க்க மாட்டான். மற்றவர்களும் அதைத் தவிர வேறு எதையும் பார்க்கக் கூடாது என்று நினைப்பான். அனுபவத்தில் சொல்கிறேன். அந்த மனிதன் நான்தான்.

அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. திருப்பதியில், பட்டுப்புழு வளர்ப்பவர்களுக்கு மருந்து விற்கும் ஒரு சின்ன கம்பெனியில் வேலை. ஆறு மாதம் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரம் செய்வோம் என்று சொல்லியிருந்தார்கள். ஐந்து மாதம் முடிந்திருந்தது. ராமகுப்பம் பக்கம் போய், யார் எத்தனை ஏக்கர் மல்பெரி போட்டிருக்கிறார்கள், புழுவுக்கு என்ன நோய் என்று எழுதி வருவது என் பொறுப்பு. அதற்காக மேனேஜர் ஒரு கையடக்க ஆர்கனைசரும், அதோடு சேர்கிற மடக்கு கீபோர்டும் வரவழைத்தார். (டச் போன் வராத காலம். ஆர்கனைசர் என்றால் உள்ளங்கை அளவு, கறுப்பு வெள்ளைத் திரை. அதில் பேச முடியாது, பாட்டுக் கேட்க முடியாது. ஆனாலும் அதைச் சட்டைப் பையில் வைத்திருப்பவன் நடையே வேறு.)

கீபோர்டுதான் அதிசயம். நாலாக மடித்துக் கறுப்புத் தோல் உறைக்குள் போட்டால் நகைப்பெட்டி அளவுதான் இருக்கும். விரித்தால் முழு கீபோர்டு. அதன் தலைமாட்டில் ஆர்கனைசரை நிறுத்திவிட்டு டைப் அடிக்க வேண்டியதுதான்.

"திங்கட்கிழமை ஹைதராபாத்ல இருந்து பெரிய சார் வர்றாரு. டெமோ நுவ்வே இவ்வாலி" என்றார் மேனேஜர். நீதான் செய்து காட்ட வேண்டும், அதுவரை வைத்துப் பழகிக்கொள் என்று இரண்டையும் என்னிடம் கொடுத்துவிட்டார். வேலைக்குச் சேரும்போது, நன்றாக டைப் அடிப்பேன் என்று அவரிடம் சொல்லியிருந்தேன். (ஒரு விரல். அதுவும் ஒவ்வொரு எழுத்தையும் ஊரெல்லாம் தேடும்.)

அந்த வியாழக்கிழமை நாகலாபுரத்தில் எங்கள் வீட்டில் அக்காவுக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை சித்தூரில் பள்ளிக்கூட வாத்தியார். இரண்டு வீட்டுச் சனமும் கூடியிருக்கும் இடத்தில் அந்தக் கீபோர்டை விரிக்காமல் இருக்க எனக்கு என்ன பைத்தியமா? ஐயர் லக்கினப் பத்திரிகை எழுத உட்கார்ந்ததும், "நீங்க சொல்லுங்க, நான் கம்ப்யூட்டர்ல ஏத்திடறேன்" என்று பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

ஜமக்காளத்தில் வைத்தால் கீபோர்டு நடுவில் குழிந்தது. கெட்டியாக ஏதாவது அடியில் வேண்டும். சுற்றிப் பார்த்தேன். சுவரோரம் ஒரு எவர்சில்வர் தாம்பாளம் சும்மா இருந்தது. அதைக் கவிழ்த்துப் போடும் அறிவுகூட இல்லாமல், அப்படியே வைத்து அதற்குள் கீபோர்டை விரித்தேன். பிள்ளைகள் சூழ்ந்துகொண்டார்கள். பெரியவர்களும் எட்டிப் பார்த்தார்கள். பிறந்ததிலிருந்து எனக்கு அவ்வளவு மரியாதை கிடைத்ததில்லை.

கொஞ்ச நேரத்தில் ஐயர் என் தோளைத் தட்டினார். "தம்பி, நான் எழுதி முடிச்சி நாலு மூலையிலயும் மஞ்சள் தடவிட்டேன். நீ எங்க கீற?"

"மாப்பிள்ளை பேர்ல இருக்கேன் சாமி."

பந்தி பரிமாற ஆள் கூப்பிட்டார்கள். ஆர்கனைசரைச் சட்டைப் பையில் போட்டேன். கீபோர்டை மடித்து உறையில் போட்டு, இருந்த இடத்திலேயே, அதாவது தாம்பாளத்திலேயே, வைத்துவிட்டுச் சாம்பார் வாளியைத் தூக்கினேன். நான் சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்தபோதே தட்டு மாற்றி, மாப்பிள்ளை வீட்டார் சாப்பிட்டு, வேன் ஏறிச் சித்தூருக்குப் போய்விட்டார்கள்.

சாயங்காலம் வீட்டைத் தலைகீழாகப் புரட்டிக்கொண்டிருந்தேன். வரிசைத் தட்டுகளுக்குப் பொறுப்பு என் பெரியம்மா. "இன்னாடா தேடற?" என்று கேட்டாள்.

"கறுப்பா ஒரு பொட்டி, தட்டுல வெச்சிருந்தேன்."

"அதுவா? மாப்பிள்ளைக்கு நீ வாங்கியாந்த சாமான்னு நெனச்சேன். தட்டுங்க பத்துதான் இருந்திச்சி. ஒத்தப்படையா இருக்கணும்னு நான் தவிச்சிக்கினு கீறேன், பாத்தா பதினோராவது தட்டு ரெடியா கீது. வெத்தல பாக்கு வெச்சி, குங்குமம் இட்டு, அட்சதயும் தூவி அனுப்பிட்டேன்" என்றாள், பெருமையாக.

திங்கட்கிழமை பெரிய சார் முன்னால் வெறும் ஆர்கனைசரோடு நிற்கப் போகிறேன், வேலை போகப் போகிறது. உடனே மாப்பிள்ளை வீட்டுக்குப் போன் போட ஓடினேன். நைனா (அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்) குறுக்கே வந்து நின்றார்.

"தட்டு மாத்திக்கினு போன பொருளத் திருப்பிக் கேப்பியா? நாளைக்கு உங்கக்காவ அவங்க திருப்பி அனுப்பினா இன்னா பண்ணுவ?"

என் வேலையா, அக்கா கல்யாணமா என்று அன்றைக்கு வீட்டில் பெரிய பஞ்சாயத்து. அக்கா ஒரு மூலையில் அழுதுகொண்டிருந்தாள். கடைசியில் பெரியம்மாவே வழி சொன்னாள். "வெறுங்கையோட கேட்டாதான் தப்பு. வேற ஒரு தட்டு வெச்சிக் குடுத்து, அத மாத்திக்கினு வந்துடு."

மறுநாள், வேட்டி சட்டை, பழம், வெற்றிலை பாக்கு வைத்த தாம்பாளத்தைத் துண்டில் கட்டி மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். புத்தூரில் பஸ் மாறுகிற இடத்தில் வாழைப்பழம் நசுங்கியது. சித்தூர் போய்ச் சேரும்போது பொழுது சாய்ந்து, அந்த வீட்டில் விளக்கு ஏற்றியிருந்தார்கள்.

மாப்பிள்ளையின் அம்மா நான் சொன்னதை எல்லாம் பொறுமையாகக் கேட்டார். "அதுக்கின்னா தம்பி, பர்வாலேது. தொறந்து பாத்தோம். எழுத்தா இருந்திச்சி, சரஸ்வதி சம்பந்தப்பட்டதுன்னு பூஜை ரூம்ல வெச்சிட்டேன். ஆனா இன்னிக்கி வெள்ளிக்கிழமை, வெளக்கு வெச்ச பொறவு ஊட்லேந்து ஒரு பொருளும் வெளிய போவாது. காலைல மாத்திக்கலாம். இருந்து துன்னுட்டு, தூங்கி எழுந்து போ."

அப்போதுதான் மாப்பிள்ளையின் தங்கை சுமதி பூஜை அறையிலிருந்து கீபோர்டை எடுத்து வந்தாள். நாலு மடிப்பிலும் மஞ்சள், ஸ்பேஸ் பார் நெடுகக் குங்குமம். பழைய பல்துலக்கும் பிரஷ் ஒன்றை வைத்து ஒவ்வொரு கட்டையாகத் துடைத்தாள்.

"வேல செய்யுதான்னு அடிச்சிப் பாருங்க" என்றாள்.

ஆர்கனைசரை நிறுத்தி என் பெயரை அடித்தேன். அவள் அம்மா உள்ளே போய்க் காபி போட்டு எடுத்து வந்தார். நான் இன்னும் அடித்துக்கொண்டிருந்தேன்.

"நான் டைப்பிங் ஹையர் பாஸ் பண்ணியிருக்கேன். அடிக்கட்டுமா?" என்று கேட்டுவிட்டு, கீபோர்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். ராமகுப்பம் விவசாயிகள் பட்டியலை நான் படிக்கப் படிக்க, திரையைப் பார்க்காமல், என்னைப் பார்த்தபடியே அடித்து முடித்தாள். "திங்கக்கிழமை நீங்கதான் அடிச்சிக் காட்டணுமா? அப்ப அவ்ளோதான்" என்றாள்.

பிறகு இரக்கப்பட்டு, என்னை உட்கார வைத்து ஏ, எஸ், டி, எஃப் என்று ஆரம்பித்தாள். ராத்திரிச் சாப்பாடு வரைக்கும் நடந்தது. மறுநாள் காலையிலும் காபிக்கு முன்னாலேயே நடந்தது. விரலைத் தூக்கி அடித்தால் ஸ்கேலால் ஒரு தட்டு. வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் அடி வாங்கியதே இல்லை.

சனிக்கிழமை காலை, மாப்பிள்ளையின் அம்மா எதையும் முறையாகச் செய்பவர் என்பதால், என்னை வாசலில் கிழக்கே பார்த்து நிற்க வைத்தார். அவர் தட்டில் கீபோர்டு, வெற்றிலை, பூ. என் தட்டில் வேட்டி சட்டை, நசுங்கிய பழம். பக்கத்தில் குங்குமச் சிமிழோடு சுமதி. தட்டு மாற்றிக்கொண்டோம். எதிர் வீட்டு அம்மாள் கோலப்பொடியும் கையுமாக அப்படியே நின்றுவிட்டார்.

"இன்னா அக்கா, பையனுக்கு முடிச்ச கையோட பொண்ணுக்கும் முடிச்சிட்ட? மாகு செப்பனே லேதே" என்றார், சொல்லாமல் செய்துவிட்டாயே என்ற வருத்தத்தோடு.

"ஐயோ, இல்லம்மா. இது கீபோர்டு" என்றார் மாப்பிள்ளையின் அம்மா. யாராவது நம்புவார்களா?

நான் திருப்பதி போய்ச் சேருவதற்குள் செய்தி சித்தூரைச் சுற்றிவிட்டு நாகலாபுரம் போய்விட்டது. நான் தங்கியிருந்த அறைக்குக் கீழே இருந்த கடைக்கு நைனா போன் செய்தார். "எங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லாம தட்டு மாத்திக்கினியாமே?"

திங்கட்கிழமை பெரிய சார் முன்னால் கீபோர்டை விரித்தேன். பிரஷ்ஷுக்குத் தப்பிய அட்சதை பொலபொலவென்று அவர் பைலில் விழுந்தது. மேனேஜர் முகம் வெளுத்தது. பெரிய சார் ஒரு அட்சதை மணியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "பூஜ சேசி தெச்சாவா?" என்று கேட்டார். பூஜை செய்தா கொண்டு வந்தாய் என்கிறார். "அவுனு சார்" என்றேன். (பொய் இல்லை. செய்தது யார் என்று அவர் கேட்கவில்லை.) எட்டு விரலால் மெதுவாக அடித்துக் காட்டினேன். அடுத்த மாதம் நிரந்தர உத்தரவு வந்தது.

இந்தப் பக்கம், ஊர் பேசிவிட்ட பிறகு இரண்டு குடும்பமும் உட்கார்ந்து பேசின. என்னைக் கேட்டார்கள். "பெரியவங்க பாத்து எது செஞ்சாலும் சரி" என்று தலையைக் குனிந்துகொண்டேன். (உள்ளுக்குள் குதித்துக்கொண்டிருந்தேன்.) சுமதி மட்டும், "மொதல்ல அவரு டைப்பிங் ஹையர் பாஸ் பண்ணட்டும்" என்று சொல்லிவிட்டாள். முதல் தடவை பெயில். அவள் சிரித்தாலும் காத்திருந்தாள். இரண்டாம் தடவை தேறினேன், கல்யாணம் நடந்தது.

போன மாதம் அக்கா மகளுக்குச் சித்தூரில் நிச்சயதார்த்தம். மாப்பிள்ளையின் நண்பன் ஒருவன், படம் எடுத்துக்கொண்டிருந்தவன், தன் டேப்லெட்டை வரிசைத் தட்டு ஒன்றின் மேல் வைத்துவிட்டுச் செருப்பைத் தேடப் போனான். என் பெரியம்மா, எழுபத்தைந்து வயதிலும் தட்டுகளுக்கு அவள்தான் பொறுப்பு, அவனைக் கூப்பிட்டாள்.

"யப்பா, ஒனக்குக் கல்யாணம் ஆய்டுச்சா?"

"இன்னும் இல்லீங்க."

"இந்த ஊட்ல இன்னும் ஒரு பொண்ணு கீது. வேணும்னா அது அங்கயே இருக்கட்டும். வேணாம்னா எடுத்துக்கினு ஓடு."

கூடமே சிரித்தது. அந்த இன்னும் ஒரு பெண் என் மகள். அந்தப் பையன் திரும்புவதற்குள் நானே ஓடிப்போய் டேப்லெட்டைத் தூக்கி அவன் கையில் கொடுத்துவிட்டு வந்தேன்.