குடைப் பாட்டை விட்டுவிட்ட ஆல்பம்

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரைக்கும் எத்தனை கம்பெனி இருக்கிறதோ, அத்தனையையும் சல்லடை போட்டுச் சலித்தாலும் ஃபைவ் ஒய் மாதிரி ஓர் இம்சை கிடைக்காது. சத்தியமாகச் சொல்கிறேன். மூன்று வருஷம் ஒரே லாட்ஜ் அறையில் அந்த மனுஷரோடு குப்பை கொட்டியவன் நான்.

அவருக்கு வீட்டில் வைத்த பெயர் சம்பள ஸ்லிப்பில் மட்டும்தான் இருந்தது. எங்கள் கம்பெனியில் ஒரு பார்ட் பழுதாக வந்தால், ‘ஏன்’ என்று ஐந்து முறை கேட்டு ஐந்து பதிலையும் ‘ஃபைவ் ஒய்’ என்கிற படிவத்தில் எழுத வேண்டும். ஐந்தாவது பதில்தான் உண்மையான காரணம் என்பது கம்பெனி வேதம். ஷிஃப்ட் முடிந்ததும் அந்த வேதத்தை கேட்டிலேயே விட்டுவிட்டு நாங்கள் பஸ் ஏறுவோம். இவர் லாட்ஜுக்கும் தூக்கிக்கொண்டு வருவார். மெஸ் சாம்பாரில் உப்பு இல்லையென்றால் நாம் உப்பு கேட்போம். இவர் ஏன் இல்லை என்று கேட்பார். மாஸ்டர் மறந்துவிட்டாராம். ஏன் மறந்தார்? வீட்டில் சண்டையாம். ஏன் சண்டை? ஐந்தாவது ‘ஏன்’ முடிவதற்குள் மாஸ்டரின் மச்சான் குடிக்கிற விஷயம் வரை அம்பலமாகி, பாவம், அவர் அடுப்படியில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். உப்பு கடைசி வரை வரவில்லை.

இது போதாதென்று ஃபைவ் ஒய்யை ஒரு பாப் பாடகர் வேறு பிடித்து ஆட்டினார். பாடகருக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது, தலைமயிர் மட்டும் இருபதிலேயே நின்றுவிட்டது. அவருடைய வாழ்நாள் ஹிட் பாடல்கள் இருபதைச் சேர்த்து ஓர் ஆல்பம் வந்தது. ஃபைவ் ஒய் அதைச் சி.டி.யாக வாங்கி வந்தார். எங்கள் அறையில் அதைப் போட ஒரு டப்பாகூடக் கிடையாது. எல்லாப் பாட்டும் போனிலேயே கிடைக்கிறதே என்றேன். ஹிட் என்றால் கையில் பிடித்துப் பார்க்க வேண்டும் என்றார். அட்டையின் பின்பக்கத்தை மூன்று தடவை படித்தார். மூஞ்சி தொங்கிப்போயிற்று.

குடைப் பாட்டு இல்லை.

யாருமே கேட்டிராத பாட்டு அது. ஆனால் ஐ.டி.ஐ. ஆண்டு விழாவில் அதைப் பாடித்தான் இவர் ஒரு பிளாஸ்டிக் பக்கெட்டைப் பரிசாக வாங்கினார். வாழ்க்கையில் அவர் வாங்கிய ஒரே பரிசு. அந்தப் பக்கெட்டை வைத்துக்கொண்டு தினமும் பாத்ரூமில் அந்தப் பாட்டையே பாடுவார். சுருதி ஒரு பக்கம் போகும், இவர் ஒரு பக்கம் போவார். வெளியே நாங்கள் துண்டோடு நின்று பல்லைக் கடிப்போம்.

“அது ஹிட்டே இல்லன்னா, நான் ஜெயிச்சது இன்னாபா?” என்று என்னிடம் கேட்டார். அன்றைக்கு முழுக்கச் சாப்பிடவில்லை. எனக்குச் சிரிப்புதான் வந்தது.

மனுஷர் சும்மா இருந்தாரா? கம்பெனிப் படிவத்திலேயே ஆல்பம் போட்டவர்களுக்குப் புகார் எழுதி அனுப்பினார். குறைபாடு: பாட்டு ஒன்று குறைவு. நடவடிக்கை: உடனே சேர்க்கவும். பரிசோதித்தவர் என்ற இடத்தில் என் பெயரைப் போட்டிருந்தார். பதில் வரவில்லை. வந்திருந்தால் நான் லாட்ஜையே காலி செய்திருப்பேன்.

அந்தச் சமயத்தில்தான் படப்பைப் பக்கம் மனை விற்கிறவர்கள், திறப்பு விழாவுக்கு அதே பாடகரைக் கூட்டிவந்தார்கள். வேன் இலவசம், பிரியாணி இலவசம். நான் பிரியாணிக்குப் போனேன், அதில் ஒளிவுமறைவு இல்லை. ஃபைவ் ஒய் பேன்ட்டுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு வந்து முதல் வரிசையில் உட்கார்ந்தார். பாடகரின் வாய் ஒரு வரியில் இருக்க, ஸ்பீக்கர் அடுத்த வரிக்குப் போய்க்கொண்டிருந்தது. நாலு பாட்டு முடிந்ததும், யாருக்கு என்ன பாட்டு வேண்டும் என்று கேட்டுத் தொலைத்தார். ஃபைவ் ஒய் எழுந்தார்.

“சார், புது ஆல்பத்துல குடைப் பாட்டு இல்லியே. ஏன் சார்?”

அது ஹிட் ஆகவில்லையே என்று பாடகர் சிரித்தார். ஏன் ஆகவில்லை என்றார் இவர். யாரும் கேட்கவில்லை என்றார் பாடகர். ஏன் கேட்கவில்லை? கேசட்டே கடைக்கு அதிகம் போகவில்லையாம். ஏன் போகவில்லை? நான்தான் வேண்டாமென்று நிறுத்தச் சொன்னேன் என்றார் பாடகர். பிரியாணி வரிசைகூடத் திரும்பிப் பார்த்தது.

“ஏன் சார்?”

பாடகர் சிரிப்பை நிறுத்திவிட்டார். “நான் அத நல்லா பாடல தம்பி. இப்ப கேட்டாலும் எனக்கே கூச்சமா இருக்கு.”

ஐந்தாவது பதில் வந்தாயிற்று. வேதப்படி ஃபைவ் ஒய் உட்கார்ந்திருக்க வேண்டும். உட்காரவில்லை.

“இல்ல சார். நல்லாதான் பாடிக்கிறீங்க,” என்று சொல்லிவிட்டு, மைக் இல்லாமல் அவரே பாட ஆரம்பித்துவிட்டார்.

கூட்டம் சிரித்தது. பின்னால் யாரோ விசில் அடித்தார்கள். நான் மூஞ்சியைக் கைக்குட்டையில் புதைத்துக்கொண்டேன். “குடையத் தந்துட்டு மழையில போறவளே” வரைக்கும் வந்தார். தினமும் பாடுகிற பாட்டு, அடுத்த வரி வரவில்லை. நின்ற இடத்திலேயே வாயைத் திறந்து திறந்து மூடினார். சிரிப்பு இன்னும் அதிகமாயிற்று.

எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ தெரியாது. எழுந்து, “நனையறது நீயா நானா சொல்லிட்டுப் போ” என்று கத்தினேன். அவர் திரும்பி என்னைப் பார்த்தார். வரியைப் பிடித்துக்கொண்டார். இரண்டு பேருமாக முழுப் பாட்டையும் பாடி முடித்தோம். கேவலமாகத்தான் இருந்தது, ஆனால் ஒரு வரிகூட விடவில்லை.

பாடகர் மேடை ஓரம் வரை வந்து, மைக்கைத் தாழ்த்திக்கொண்டு என்னைக் கேட்டார். “நீங்களும் நம்ம ரசிகரா தம்பி?”

“இல்ல சார்,” என்றேன். “நான் இவரு ரசிகன்.”